பச்சைப் பாக்கெட்டைத் தின்றவன்

ஐயோ, புதுக் கம்ப்யூட்டர் வேண்டாம் முதலாளியம்மா. நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன், அந்தப் பளபளா மெஷினையே என் பக்கம் திருப்பித் திருப்பி வைக்கிறீங்க. நல்லாத்தான் இருக்கு, நான் இல்லேங்கலையே. என் பொண்டாட்டி சியூ-லானும் இதையேதான் சொல்றா. பதிமூணு வருஷத்துக் கிழம், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறியா, இல்ல குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டு வரும்போது உன்னையும் சேர்த்து ஏத்தி விடட்டுமாங்கிறா. செய்வா. செய்யக்கூடிய ஆளுதான்.

நீங்க பழசை ரிப்பேர் பண்ண முடியுமா, முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க.

ஆமா, நானும் மெஷின்காரன்தான். இதே சின்ச்சூவுல, சிப் ஃபேக்டரியில, முப்பத்தொரு வருஷம் பராமரிப்பு வேலை. ஒரு மெஷின் நின்னா நாலு பெரிய மனுஷங்க என் முதுகுக்குப் பின்னாடி மூச்சு விடாம நிப்பாங்க. லியாவ் கை வச்சா ஓடும்னு பேரு. அந்த லியாவ்தான் வீட்டுக் கம்ப்யூட்டரை மீன் கூடையில வச்சு, ஸ்கூட்டர்ல கட்டிக்கிட்டு உங்ககிட்ட வந்து நிக்கிறான். சிரிச்சுக்கோங்க, பரவாயில்ல.

பச்சைப் பாக்கெட்டா? வைக்காம இருப்பேனா? யாரைப் பார்த்துக் கேக்குறீங்க! மெஷின் நிக்காம சமர்த்தா ஓடணும்னு ஃபேக்டரியில ஒவ்வொரு மெஷின் தலையிலயும் அந்தத் தேங்காய் வாசனைக் கொறிப்பு பாக்கெட்டை வச்சதே நான்தான். பச்சைதான் வைக்கணும், மஞ்சள் வச்சா மெஷின் மக்கர் பண்ணும். தேதி தாண்டக் கூடாது. முக்கியமா, யாரும் பிரிச்சுத் தின்னக் கூடாது. பசிக்குதுன்னு ஒருத்தன் ஒரு தடவை தின்னுட்டான். அன்னிக்குச் சாயங்காலம் ஒரு வரிசையே நின்னுபோச்சு. அவனை நான் திட்டின திட்டுல ஆளு வேலையை விட்டே ஓடிட்டான்.

அங்க என்ன சுரண்டுறீங்க? கீபோர்டுல தூசி இருக்கும், விடுங்க.

தூசியில தேங்காய் வாசமா? அது... எலி. எங்க வீட்ல எலி ஜாஸ்தி.

சரி. எலி இல்ல. நான்தான் தின்னேன். போதுமா? முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் தின்னாதே தின்னாதேன்னு கத்தினவன், போன ஞாயித்துக்கிழமை ரெண்டரை மணிக்கு, ஓடிக்கிட்டிருந்த மெஷின் மேலேருந்து எடுத்து, பிரிச்சு, ஒரு துணுக்கு விடாம தின்னேன். தின்னு முடிக்கவும் மெஷின் டப்புன்னு அணைஞ்சுபோச்சு. எனக்கு நல்லா வேணும்.

பசியெல்லாம் இல்லம்மா. பதட்டம். மாஜாங் காய் ஆடிக்கிட்டிருந்தேன், மெஷின்லதான், நெட்ல நாலு பேர் சேர்ந்து ஆடுறது. நம்ம சந்துல என்னை ஜெயிச்சவன் கிடையாது. ஆனா ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு ஒரு மேசையில உக்காருவேன் பாருங்க, ரெண்டு வருஷமா தோல்விதான். எதிர்ல ஆடுற பொண்ணுக்கு என்ன காய் வேணும்னு எனக்குத் தெரியும், அதையே எடுத்துப் போடுவேன். அவளும் ஜெயிச்சுட்டு, நண்டு மாமா, இன்னிக்கும் காலியான்னு எழுதிக் கேலி பண்ணுவா. விளையாட்டுல என் பேரு வெந்த நண்டு. தண்ணி அடிச்சா மூஞ்சி அப்படித்தான் இருக்கும்னு சியூ-லான் வச்ச பேரு.

ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிப் புது மெஷின்ல போடலாம், தெரியும். ஆனா மெஷின் மாறினா அந்த விளையாட்டு பாஸ்வேர்டு கேக்கும். அன்னிக்குக் கை போன போக்குல ஏதோ தட்டினேன், இப்ப ஞாபகம் இல்ல. மறந்துபோச்சுன்னு சொன்னா கம்பெனி மெயிலுக்குத்தான் அனுப்புவான். நான் ரிட்டயர் ஆன அன்னிக்கே அதை மூடிட்டாங்க. முப்பத்தொரு வருஷப் பராமரிப்பு, சொந்த பாஸ்வேர்டைப் பராமரிக்கத் துப்பில்ல.

வேற பேர்லயா? வேற பேர்ல போனா அவளுக்கு நான் யாரோதானே? நண்டு மாமான்னாதான் பேசுவா.

அவ என் பொண்ணும்மா. யா-வென்.

நண்டு நான்தான்னு அவளுக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் நினைச்சேன். நான் வாங்கிக்குடுத்த ஃபேக்டரி வேலையை உதறிட்டு தைனான்ல ரொட்டிக்கடை போடுறேன்னா. வருஷப் பிறப்புக்கு முந்தின நாள், சாப்பாட்டு மேசையில, சொந்தக்காரங்க பதினாலு பேர் முன்னாடி கேட்டேன், மாவு பிசையத்தான் உன்னைப் படிக்க வச்சேனான்னு. இன்னும் நிறைய கேட்டேன். அவ சாப்பிடுற குச்சியைக் கிண்ணத்து மேல வச்சா, எழுந்து போயிட்டா. மீனை யாரும் தொடக்கூட இல்ல. ஆறு வருஷம் ஆச்சு. அம்மாகிட்ட தினம் பேசுவா. சியூ-லான்தான், அவ ஞாயித்துக்கிழமை கடை மூடிட்டு இன்ன பேர்ல, இன்ன மேசையில ஆடுறான்னு, என்கிட்ட சொல்லாத மாதிரி சொன்னா.

போன் பண்ணலாம்தான். நம்பர் இருக்கு. போனை எடுத்தா, கடைசி நம்பரை அழுத்தாமலே திரும்ப வச்சுடுறேன். நண்டா இருந்தா நல்லாப் பேச்சு வருது. அப்பனா இருந்தா வரமாட்டேங்குது, என்ன பண்ணச் சொல்றீங்க?

என்னது, கரண்ட் குடுக்குற பெட்டிதான் போச்சா? அவ்வளவுதானா? உங்க கடையில கிடக்குற பழைய மெஷின்லேருந்து ஒண்ணு கழட்டி மாட்டிடலாமா? அப்ப மாட்டுங்க! எத்தனை நாள் தாங்கும்? தெரியாதா? பரவாயில்ல. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ரெண்டு மணிக்கு ஓடினாப் போதும். அப்புறம் செத்தாலும் சாகட்டும், அந்தப் பளபளா மெஷினையே வாங்கிக்கிறேன்.

இந்தாங்க, இதைப் பக்கத்துல வச்சுட்டு மெஷினைக் கழட்டுங்க. புதுப் பாக்கெட். பச்சைதான். தேதி பார்த்துட்டேன். நான் தொடமாட்டேன், நீங்களே வச்சுக்கோங்க.

ஏன் நாளைக்கே வேணும்னா... ஆட்டத்துல என்கிட்ட ஒரு பழக்கம். வெள்ளைக் காய் கைக்கு வந்தா கடைசி வரைக்கும் கீழே போடமாட்டேன். அதாலயே தோத்தாலும் போடமாட்டேன். வீட்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. போன வாரம் அவ ஆட்டத்தை நிறுத்திட்டு ஒரு வரி எழுதினா. வெள்ளைக் காயை இப்படிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தோக்குற ஆளு எனக்குத் தெரிஞ்சு உலகத்துலயே ஒருத்தர்தான், அப்பா, சாப்பிட்டீங்களான்னு.

என்ன எழுதுறதுன்னு தெரியல. கைக்கு அந்தப் பாக்கெட்தான் கிடைச்சுது. தின்னுக்கிட்டே யோசிச்சேன், கடைசியில யோசிச்சும் வச்சேன், எழுத விரலை வைக்கிறேன், அணைஞ்சுபோச்சு.

அவ கேட்டு ஆறு நாள் ஆச்சு. நான் இன்னும் பதில் சொல்லல. சாப்பிட்டேன்னு சொல்லணும்.