அரை மணி நேரம் பாடுற பொட்டி

இல்லிங்க மொதலாளி, கோளாறுன்னு கொண்டாரல. நீங்களே போட்டுப் பாருங்க, கெசட்டு கணீர்னு பாடும். இத வச்சிக்கிட்டு என் பழைய கிராமபோனக் குடுங்க, அதுக்குத்தான் வந்தேன். அந்தா, பிஸ்கட் டின்னுக்குப் பின்னால இருக்கு. வரும்போதே பாத்துட்டேன்.

சிரிக்காதீங்க. எந்தக் கிறுக்கனும் இப்பிடி மாத்தமாட்டான், தெரியும். போன மாசம் நீங்க இதத் தந்தப்போ லயத்து வீட்டுச் சனமே வந்து வேடிக்கை பாத்திச்சு. கரகரப்பு இல்ல, சாவி குடுக்க வேணாம், முள்ளு மாத்த வேணாம். ஒருக்கா அமுக்குனா அரை மணி நேரம் பாடும். கிராமபோன்னா மூணு நிமிசத்துக்கு ஒருக்கா எந்திரிக்கணுமே. நான் இஸ்தோப்புத் திண்ணையில வெறகு பொளந்துக்கிட்டிருப்பேன். பாட்டு முடிஞ்சி முள்ளு சர்ரு சர்ருன்னு தேய்க்கும். காம்பராக்குள்ளருந்து பெரியாயி, யோவ் கந்தப்பா, தட்டு தேயிதுய்யான்னு கொழறுவா. பக்கவாதம் வந்து ரெண்டு வருசமாப் படுத்த படுக்கை, ஆனா புருசன் எம்பேர மட்டும் நல்லாச் சொல்லுவா.

ஓடிப் போயி தட்டத் திருப்புவேன். போனது போனேன்னு ஒரு வாய் தண்ணி குடுப்பேன், ஒருக்களிச்சுப் படுக்க வப்பேன், எச்சி வழிஞ்சா தொடப்பேன். ஒரு பொழுதுக்கு இருவது தடவ. முட்டி வலிக்குதுன்னு பொலம்புனதும் நான்தான், உங்ககிட்ட வந்து மாத்திக் கேட்டதும் நான்தான். உங்க மேல குத்தமில்ல.

அவளுக்குக் கெசட்டு புடிக்கலையான்னா கேக்குறீங்க? ரொம்பப் புடிச்சிச்சுங்க. இனிமே நீயும் செத்த நேரம் குந்துய்யான்னா.

அவ போயி இன்னையோட பதினோரு நாளு.

ஆமாங்க. ஒரே மழ, டவுனுப் பக்கம் சொல்லியனுப்ப ஆளு கெடைக்கல. வேணாங்க, நிக்கிறேன். ஞாயித்துக்கெழம மத்தியானம். கெசட்டப் போட்டுட்டு வெளிய வந்து வெறகுல கைய வச்சேன். அது நல்லாப் பாடிக்கிட்டே இருந்திச்சு, நானும் எந்திரிக்கல. டொக்குனு நின்னப்பறந்தான் உள்ள போனேன். அவ கை சில்லுன்னு இருந்திச்சு.

கெசட்டோட அந்தப் பக்கத்துல எட்டுப் பாட்டு மொதலாளி. நேத்துங்கூட மொதல்லருந்து போட்டுப் பாத்தேன். எந்தப் பாட்டுல அவ போனாளுன்னு தெரியல.