பித்தளைக் கட்டை

காபியை மாற்றித் தந்ததற்கு நன்றி. முதல் கோப்பையின் விளிம்பில் யாரோ குடித்த தடம் இருந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. அவசரத்தில் கழுவினால் அப்படித்தான். எனக்குத்தான் அது கண்ணில் பட்டுவிடும்.

என் பெயர் லாம்பெர்ட். எங்கள் ஊர்ப் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைக் கவனித்துக்கொள்ளும் தன்னார்வலர் குழுவில் விளக்குகளுக்கு நான் பொறுப்பு. குளிர்காலத்தில் உள்ளே வௌவால்களை எண்ணுவோம். கல் வெட்டியவர்கள் சுவரில் கரியால் எழுதிவைத்த பெயர்களைப் படமெடுப்போம். பாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு மைல்கணக்கில் போகின்றன. விளக்கு இல்லாதவனுக்கு உள்ளே திசை என்று ஒன்று கிடையாது.

எங்கள் டார்ச்சுகள் எல்லாம் யார் யாரோ கொடுத்தவை. எல்.இ.டி. இருக்கும் தலை தனி, செல் போடும் குழல் தனி. எதையும் எதிலும் திருகிவிடலாம் என்பதுதான் ஆபத்து. சில தலைகளுக்கு ஒரு செல் போதும். சிலவற்றுக்கு இரண்டு செல்லின் வோல்டேஜ் வேண்டும். இரண்டு கேட்கும் தலைக்கு ஒன்றை மட்டும் கொடுத்தால், செல் முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கும்வரை எரியும். வாசலில் நின்று பார்ப்பவருக்குக் குறை தெரியாது. கொஞ்சம் இறங்கியதும், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அணைந்துவிடும். எந்தத் தலைக்கு எந்தக் குழல் என்று வண்ண வளையம் போட்டு வைத்தவன் நான். ஒருநாளும் பிசகியதில்லை.

கீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். ஊரில் அவனைப் பிடிக்காதவர் இல்லை. செல்லில் சார்ஜ் இருக்கிறதா என்று நாக்கை வைத்துப் பார்ப்பான். ஸ்பிரிங்கில் எச்சில் தொட்டுத் துடைப்பான். நாறுகிற பாலாடைக்கட்டியை என் செல் டப்பாவில் வைத்துக்கொண்டு, வௌவால் எச்சம் தொட்ட விரலாலேயே ரொட்டியில் தடவித் தின்பான். புத்தாண்டுக்கு மூன்று முத்தம் கொடுப்பது எங்கள் வழக்கம். அவன் கொடுத்தால் கன்னம் காய நேரமாகும்.

நானும் என் விதவைத் தங்கை ஃபீனும் பெற்றோர் வீட்டில் ஒன்றாக இருந்தோம். அமைதியான வீடு. கீல் ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வரத் தொடங்கினான். பிறகு குளியலறைக் கொக்கியில் அவன் துண்டு தொங்கியது. சோப்பில் அவன் முடி ஒட்டியிருந்தது. ஈஸ்டருக்குத் திருமணம் என்றார்கள்.

"நீயும் எங்ககூடவே இரு அண்ணா. அவர் உன்மேல உசுரையே வச்சிருக்கார்," என்றாள் ஃபீன்.

அது உண்மை. எனக்கு நிமோனியா வந்தபோது மருத்துவமனையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன். என் வாயைத் துடைத்த துணியாலேயே தன் நெற்றியையும் துடைத்துக்கொண்டான். இன்னொருவருக்கு அது அன்பாகத் தெரிந்திருக்கலாம். எனக்குக் குமட்டியது.

அவனுக்கான இரண்டு டார்ச்சுகளையும், கையில் ஒன்று மாற்றுக்கு ஒன்று, நான் நிதானமாகத்தான் தயார் செய்தேன். இரண்டு செல் கேட்கும் தலை. நீளமான குழலில் ஒரு செல்லும், அதே அளவில், உள்ளே குடைந்த ஒரு பித்தளைக் கட்டையும். கட்டை மின்சாரத்தைக் கடத்தும், வோல்டேஜ் தராது. கட்டைக்குச் செல்லின் உறையையே போர்த்தினேன். கையில் எடுத்தால் எடையில் வித்தியாசம் தெரியாது. அவன் ஃபீனுக்குத் தகுந்தவன் இல்லை. அவளைக் காப்பாற்ற வேறு யாரும் இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுரங்க வாசல் அறைக்கு அவன் தனியாக வருவான் என்று எதிர்பார்த்தேன். ஃபீனும் வந்தாள்.

"மச்சான், இன்னொரு லைட்டு எடு. தெக்குப் பக்கம் எங்க தாத்தா பேர் எழுதியிருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேணாமா பொண்ணு?" என்றான் கீல்.

"உள்ள வௌவால் நாத்தம் அடிக்குமாமே, அண்ணா?"

"கொஞ்சம் அடிக்கும்," என்றேன்.

"இவர் பக்கத்துல நின்னா அதெல்லாம் தெரியாது."

"கேட்டியா மச்சான்? இன்னும் மோதிரமே போடலை, அதுக்குள்ள என் மானத்தை வாங்குறா."

உள்ளே கைப்பேசி எடுக்காது என்று கீல் தன்னுடையதை மேசையில் விட்டுப் போவது வழக்கம். அவனைப் பார்த்து ஃபீனும் வைத்தாள். அதை நான் திட்டமிடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவளிடமும் ஒரு டார்ச் கொடுத்தேன். இருவரும் கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

மாலையில் ஆள் திரட்டினார்கள். கீல் எப்போதும் வடக்குப் பக்கம்தான் போவான் என்று தேடுபவர்களிடம் சொன்னேன். சுரங்கத்தை என்னைவிட அறிந்தவர் அங்கே இல்லாததால் என் பின்னால் வந்தார்கள். ஓரிடத்தில் மார்லேன் என்ற பெண் நின்று காதைத் தீட்டினாள்.

"யாரோ பாடுற மாதிரி இல்ல?"

கீல்தான். இருட்டில் கார்னிவல் திருவிழாப் பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தான். நன்றாகவே கேட்டது.

"தண்ணி சொட்டுது. இந்தக் கல்லு அப்படித்தான் ஏமாத்தும். வா," என்றேன்.

மறுநாள் மதியம், வேறொரு குழு தெற்கு வாசல் வழியாகப் போய் அவனைக் கண்டுபிடித்தது. குரல் போயிருந்தது, மற்றபடி நன்றாக இருந்தான். அவன் முழங்கால் சரியில்லை என்பதால், அவனை உட்காரச் சொல்லிவிட்டு ஃபீன் சுவரைத் தடவிக்கொண்டு வழி தேடப் போயிருக்கிறாள். பழைய குழி ஒன்றில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தாள். விடியும்வரை உயிர் இருந்தது என்று மருத்துவர் சொன்னார். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் அவன் பாடியிருக்கிறான். டார்ச்சுகள் வழக்கம்போல என்னிடம் திரும்பி வந்தன. கட்டைகளை எடுத்துவிட்டுத் துடைத்து அலமாரியில் வைத்தேன். விபத்து என்று போலீஸ்காரர்கள் நீங்களே முடித்துவிட்டீர்கள்.

பிறகு ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். கீலால்தான்.

அவன் தினமும் வருகிறான். ஃபீன் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறான். என் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுகிறான். சட்டைக் காலர் நனைந்துவிடுகிறது. "இனி நாம ரெண்டு பேர்தான் மச்சான். உன்னைத் தனியா விட்டா அவ என்னை மன்னிக்கவே மாட்டா," என்கிறான். போன வாரம் தன் வீட்டைக் காலி செய்துவிட்டான். என் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் அவனுடையது நிற்கிறது, முள்ளோடு முள் உரசிக்கொண்டு. அதைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். கீலின் விளக்குகள் அணைந்தாலும் ஃபீனிடம் ஒன்று இருக்கும், அதை வைத்து அவள் வெளியே வந்துவிடுவாள் என்று நம்பியதாக, காபி வருவதற்கு முன்பு உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. அவளுக்காக நல்ல டார்ச்சின்மேல்தான் கை வைத்தேன். அந்த நேரம் கீல் பாலாடைக்கட்டி ஒட்டிய கட்டைவிரலை நீட்டினான். அவள் சிரித்துக்கொண்டே அதை நக்கினாள். என் தங்கை. நான் கையை எடுத்துவிட்டு, ஒரு செல் குழலில் இரண்டு செல் தலையைத் திருகி அவளிடம் கொடுத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. எரிகிறதா என்று அவள் என் முகத்திலேயே அடித்துப் பார்த்தாள். அவளையும் அதிலிருந்து மீட்டுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

கீல் கீழே உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறான். ஃபீனின் உடைமைகளை வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துத் துணைக்கு வந்தான். நீங்களே போய் அவனிடம் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், கட்டிப்பிடித்து அழுவான்.