அந்திரோமீடாவுக்குக் கூறைச்சீலை

எண்ணெய் வர்ணம் காய நாளெடுக்கும் என்று மாலை வகுப்பில் முதலிலேயே சொல்லித் தந்தார்கள். காயும் முன் துடைத்தால் போய்விடும். ஆகவே, படம் பழுதானதுபற்றி நீங்கள் எழுதும் காப்புறுதி அறிக்கையில், தெரியாமல் செய்தேன் என்று போட வேண்டாம், ஐயா.

கிங்ஸ்பரியில் பாலேந்திரா அண்ணை வீட்டின் மேல் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். 1990இல் அவர் ஓர் ஏலத்தில் அந்த ஓவியத்தை வாங்கி, முன் ஹோல் சுவர் நிறைய மாட்டினார். முந்நூறு வருடப் பழசு. கிரேக்க இளவரசி அந்திரோமீடா பாறையில் சங்கிலியால் கட்டுண்டு நிற்கிறாள். கடலிலிருந்து பூதம் வருகிறது. அவளைக் காக்க வானத்திலிருந்து வீரன் இறங்குகிறான். மூவரிடமும் ஒரு முழத் துணி கிடையாது.

அண்ணையின் தங்கை செல்வமலரைப் பெண் பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை செவன் கிங்ஸ் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதற்கு முன் வந்தவர்கள் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போயிருந்தார்கள்.

“உதைக் கழட்டுங்கோவன்,” என்றார் அண்ணையின் மனைவி கனகாம்பிகை அக்கா.

“கழட்டினா சுவரும் சேர்ந்து வரும். தம்பி வகுப்புக்குப் போறார்தானே, ஏதும் செய்வார்.”

அண்ணை பகிடியாகச் சொன்னாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.

வகுப்பில் எனக்கு அப்பிள் மட்டுமே வரையத் தந்திருந்தார்கள். சீலை மடிப்பு எப்படி விழும் என்பதில் சந்தேகம். பெண்களிடம் கேட்பது முறையல்ல. சனிக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போனதும், அக்காவின் கல்யாணக் கூறைச்சீலையை நானே உடுத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து வரைந்தேன். சங்கிலி காப்பானது. பூதம் நல்ல காரியத்துக்குப் பொருந்தவில்லை, வாழைக்குலையாக்கினேன். வீரனுக்கு நேரம் போதாமல் இடுப்பில் ஒரு மேகத்தை வைத்தேன்.

அண்ணை வந்து பார்த்தார். பிறகு தண்ணீர் கேட்டார்.

மறுநாள் மாப்பிள்ளையின் தாய் அருமைநாயகி ஓவியத்தின் முன் நின்றார். செல்வமலர் தேத்தண்ணீர்த் தட்டத்தோடு வர, அவர் படத்துப் பெண்ணையே சுட்டிக் காட்டினார்.

“நல்ல லட்சணமான பிள்ளை. ஆனால் தலைப்பு வலத்தோளிலை கிடக்குது. உடுத்திவிட்டவைக்குக் கண் தெரியாதோ?”

கண்ணாடி இடவலம் மாற்றும் என்பது அப்போதுதான் உறைத்தது.

“வர்ணம் இன்னும் ஈரம்தான் மாமி, மாத்த ஏலும்,” என்றேன்.

“அப்ப மாத்தும்,” என்று உட்கார்ந்து தேத்தண்ணீரை எடுத்தார். சம்பந்தம் அங்கேயே முடிவானது.

அப்போதாவது துடைத்திருக்கலாமே என்கிறீர்கள். ஓம், பழைய படம் அப்படியே வெளியே வந்திருக்கும். நான் தலைப்பை இடத்தோளுக்கு மாற்றினேன். காய்ந்த பிறகு வார்னிஷும் பூசினேன்.

எல்லாம் ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்காகத்தான், ஐயா. சம்பந்தம் முடிவானது ஞாயிற்றுக்கிழமை. மேகத்தைத் துடைத்துவிட்டு வீரனுக்குப் பட்டுவேட்டி கட்டியது அதற்கடுத்த புதன்கிழமை.