வெள்ளை விரிப்பின்மேல் நிற்கும் டிராக்டர்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, "அஞ்சு நிமிஷம்மா, அதுக்கு மேல கிடையாது" என்று அன்போடு எச்சரித்திருக்கும் தலைவர் அவர்களே! சங்கத்து டிராக்டரைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பும் தீர்மானத்தை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கும் செயலாளர் அவர்களே, வீட்டு முறையில் என் அக்காள் கணவரே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் என் தாய்மார்களே! எந்தத் தீர்மானம் வந்தாலும் எழுந்து நின்று நிறுத்திவைக்கும் எங்கள் பிரேக் மாமா அவர்களே! பதினோரு ஆண்டுகளாக அந்த டிராக்டரை ஓட்டிவரும் உங்கள் வீட்டுப் பெண்ணின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு மன்னிப்பு. ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டபோது வாசலில் ஓர் இன்ஜின் விடாமல் உறுமிக்கொண்டிருந்ததே, உங்களுக்கு எரிச்சலாக இருந்ததல்லவா? அது நான் செய்த வேலைதான். கூட்டம் தொடங்கியபோது ஓடவிட்டேன், இன்னும் ஓடுகிறது. அதன் மூக்குக்கு நேர் கீழே ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பையும் விரித்திருக்கிறேன். விரிப்பு யார் வீட்டுடையது என்று கேட்கிறீர்களா? செயலாளர் வீட்டுடையது. அத்தான், என்னை முறைக்க வேண்டாம். அக்காதான் எடுத்துக் கொடுத்தாள். அதற்கருகில் காவலுக்கு நிற்பவளும் அவள்தான்.

அந்த விரிப்பு என்ன சொல்கிறது என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன் நான் கேட்கிறேன். உழுத எந்திரம் அது. உங்களுக்காக உழைத்த எந்திரம் அது. ஒழுகிய ஒரே குற்றத்துக்காக அதை ஒழித்துவிடுவதா? என்னைவிடப் பதினாறு வயது மூத்தது என்பதற்காக அதை உடைத்து விற்பதா? வயதானால் விலக்கிவிடலாம் என்றால், முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களே, நீங்கள் முதலில் எழுந்து வெளியே போகவேண்டியிருக்கும்!

கைதட்டலுக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கீழ்வரிசையில் நாற்பத்தொரு நிலங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் பாதை ஏழடி அகலம். இதற்குப் பதிலாக வாங்கச் சொல்லிக் கம்பெனிக்காரர் படம் காட்டிய புதிய எந்திரமோ எட்டடிக்கு மேல். அது அந்தப் பாதையில் பறந்தா போகும்? பத்து நாளில் மழை வந்துவிடும். நம் டிராக்டர் போய்விட்டால் அந்த நாற்பத்தொரு நிலமும் இந்தப் பருவத்தில் உழப்படாமல் கிடக்கும். சுவரோரம் நிற்கும் தாய்மார்களின் நிலங்கள்தான் அவை. இன்றைக்கு நீங்கள் கை தூக்கப்போவது இதற்காகத்தான்.

வண்டி நின்றுபோன அன்று நடந்ததைச் சொல்கிறேன். தையல்காரம்மா நிலத்தில் மூன்றாவது சால் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வெப்பமானியின் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. தையல்காரம்மா ஓடிவந்து, "ஐயையோ, வண்டி செத்துப் போச்சா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சாகலம்மா, தாகமா இருக்கு" என்றேன். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். ரேடியேட்டரின் அடித் தொட்டி வழியே கண்ணீர் போல் வழிந்து மண்ணுக்குப் போனது.

மறுநாள் கம்பெனியிலிருந்து நிபுணர் வந்தார். வெள்ளைச் சட்டை. முன்மூடியைக்கூடத் திறக்கவில்லை. இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். "ரேடியேட்டர் முடிஞ்சு போச்சு. இந்த மாடலுக்குப் புதுசு கிடைக்காது. வண்டியைத் தூக்கிப் போடுங்க" என்றார். அவர் சட்டையில் சுருக்கம் விழுவதற்குள் தீர்மானம் எழுதப்பட்டுவிட்டது!

எனக்கு வந்ததே கோபம்! குழாய்களைக் கழற்றினேன், திருகுகளைத் தளர்த்தினேன், ரேடியேட்டரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ரேடியேட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரரை உங்களுக்குத் தெரியும். எதைக் கொடுத்தாலும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடுவதால் குமிழி அண்ணன். அவர் நெருப்பைக் காட்டி ஈயத்தை உருக்கி மேல்தொட்டியைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"ஏம்மா தங்கச்சி, ரேடியேட்டரைக் கொண்டு வரச் சொன்னா, சமையலறையைக் கொண்டு வந்திருக்கியே?" என்றார்.

அன்பர்களே! தண்ணீர் ஓட வேண்டிய குழல்களில் பாதிக்குமேல் அடைப்பு. கறுப்புத் தூள் ஒரு கைப்பிடி. வெந்து கட்டியான முட்டை வெள்ளைக்கரு, அதில் ஓட்டுத் துண்டும் ஒட்டியிருந்தது. மாவுப் பசை. மரத்தூள். ஒழுகுகிற ரேடியேட்டரில் இவற்றைப் போட்டால் ஒருநாள் இரண்டுநாள் ஓட்டை அடைபடும், தெரியுமல்லவா? உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

என்ன மாமா? எழுந்துவிட்டீர்களா? கேளுங்கள்.

"அது மிளகுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்கிறார்.

மாமா! நான் மிளகுன்னு சொல்லவே இல்லையே! கறுப்புத் தூள்னுதானே சொன்னேன்!

சிரிக்காதீர்கள். அவரைப் பார்த்துச் சிரிக்கும் யோக்கியதை இந்த மண்டபத்தில் யாருக்கு இருக்கிறது? முட்டை யாருடையது? அத்தான், மாவுப் பசை போஸ்டர் ஒட்ட வைத்திருந்த பசைதானே? சரி, நான் மட்டும் உத்தமியா? அடித் தொட்டி ஓரத்தில் சோப்புக் கட்டியை அழுத்தித் தேய்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் சாவியை ஆணியில் மாட்டியவள் நான்தான். ஒருமுறை இல்லை, மூன்று முறை. பதினோரு வருடம் ஓட்டிய நானே அதைச் செய்தேன். சொல்லும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏன் செய்தோம்? நாமெல்லாம் கெட்டவர்களா? இல்லவே இல்லை! நம் சங்கப் பதிவேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டுங்கள். ஏழாவது விதி: "யார் கையில் வண்டி பழுதாகிறதோ, அவரே பொறுப்பு." அந்த ஒரு வரிக்குப் பயந்து, ஒழுகுகிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆளுக்கொரு பொருளைப் போட்டோம், அடுத்தவர் தலையில் கட்டினோம். அந்த வண்டியை வயது சாய்க்கவில்லை, வாய் திறக்காத நாம்தான் சாய்த்தோம்!

உண்மையான பழுது என்ன தெரியுமா? அடித் தொட்டியின் ஓரத்தில் ஒரு விரிசல். என் சுண்டுவிரல் நகத்தளவு. ரேடியேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் திண்டு தேய்ந்தபோது, நம்மில் யாரோ இரும்பு வளையத்தை வைத்து முடுக்கியிருக்கிறோம். ரப்பர் வாங்க வேண்டிய அதிர்வைப் பித்தளைத் தொட்டி வாங்கியது, விரிசல் விட்டுவிட்டது.

குமிழி அண்ணன் ஒவ்வொரு குழலிலும் மெல்லிய தகட்டுக் கம்பியை விட்டுக் குத்தி எடுத்தார். கொதிக்கக் கொதிக்கக் கழுவினார். விரிசலைச் சுரண்டி ஈயம் வைத்தார். வாய்களை அடைத்து, காற்றடித்து, தொட்டியில் அமுக்கினார். ஒரு குமிழி வந்தது. மறுபடி ஈயம். மறுபடி ஒரு குமிழி. "விடுண்ணா, இது போதும்" என்றேன். "போதும் போதும்னு சொல்லித்தானே இந்தக் கதிக்குக் கொண்டு வந்தீங்க?" என்று என் வாயை அடைத்தார். மூன்றாவது முறை தண்ணீர் அசையாமல் இருந்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். புது ரப்பர் திண்டு வைத்து, ரேடியேட்டரை வண்டியில் மாட்டினேன்.

தலைவர் அவர்களே, கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள், முடிக்கப்போகிறேன். அக்கா! விரிப்பைக் கொண்டா!

வழி விடுங்கள். நாலு மூலையையும் பிடித்து விரித்துக் காட்டு அக்கா. இரண்டு மணி நேரம் இன்ஜின் ஓடியிருக்கிறது. பாருங்கள், தொட்டுப் பாருங்கள், ஈரம் இருக்கிறதா? ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கிறதா?

ஆனால், இதோ. இந்த ஓரத்தில், நாணய அளவில், ஒரு கறுப்புப் புள்ளி.

அக்கா, மடிக்காதே. மறைக்காதே! இது தண்ணீர் இல்லை, ஆயில். இன்ஜினின் முன்பக்கத்தில் ஆயிலைத் தடுக்கும் ஒரு சீல் கசிகிறது. இந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது. மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கே நான் ஜெயித்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படி மறைத்து மறைத்துத்தானே இந்த நிலைக்கு வந்தோம்? ஆகவே நானே சொல்கிறேன், ஒலிபெருக்கியில் சொல்கிறேன்: நம் டிராக்டரில் ஆயில் கசிகிறது! நாளைக் காலையில் நான் அதைக் கழற்றுகிறேன்!

உடைக்கும் தீர்மானத்தை எதிர்த்து இரண்டே வரியில் என் தீர்மானம். வண்டி ஓடும். ஏழாவது விதி போகும். அதன் இடத்தில் இப்படி எழுதுங்கள் அத்தான், உங்கள் அழகான கையெழுத்தில்: "பழுதை முதலில் பார்த்தவர் முதலில் சொல்ல வேண்டும். சொன்னவரை யாரும் குற்றம் சொல்லக்கூடாது."

சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள். தாய்மார்களே, இன்னும் உயரமாக! முன்வரிசை? நன்றி பெரியவர்களே. அத்தான்... பேனாவோடு தூக்கினாலும் கணக்குத்தான்.

பிரேக் மாமா, நீங்களுமா! இறக்கிடாதீங்க மாமா, தலைவர் எண்ணி முடிக்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், குமிழியை விடாமல் துரத்திய அண்ணனுக்கும், கறைபட்ட விரிப்புக்காக அக்காவுக்கும் என் நன்றி. வெளியே தையல்காரம்மா காத்திருக்கிறார், மூன்றாவது சால் பாதியில் நிற்கிறது. நான் வண்டி எடுக்கப் போகிறேன். வணக்கம்!