எட்டு மணி நேரப் பிழையை ஏற்றுக்கொண்டவருக்கு

பணி ஓய்வு பெறும் எங்கள் மூத்த பொறியாளர் திரு. காண்டீபன் அவர்களுக்கு, வலையமைப்புப் பிரிவு ஊழியர்கள் அன்புடன் வாசித்தளிக்கும் மடல்

பொறுமையே பெருமையாய்ப் பூண்ட பெருந்தகையே! கருந்திரையின் வெள்ளெழுத்துகளைக் கண் அயராது கற்றவரே! ரெம்பியா முதல் நியாலாஸ் வரை எங்கள் கிளைகளை இணையத்தால் இணைத்த இனியவரே! வணக்கம்.

இருபத்தொன்பது ஆண்டுகள் எங்களோடு இருந்தீர்கள். அவற்றில் பெரும்பகுதியைப் பேசாமலே கழித்தீர்கள் என்பதைப் பாராட்டாகவே சொல்கிறோம். கணினிகளை இணைக்கும் சுவிட்ச் கருவி ஒன்று தானாக விழுந்து எழுந்தால், அதாவது நின்று மீண்டும் இயங்கினால், அதன் மின்சாரத்தை அணைக்க நாங்கள் ஓடுவோம். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்லா அங்கிள்” என்பார் எங்களில் ஒருவரான கோகுலராஜ். நீங்கள் கை காட்டி நிறுத்துவீர்கள். “இருடா. விழறதுக்கு முன்னால அது என்ன சொல்லுச்சுன்னு படிப்போம். அணைச்சிட்டா அதுவும் போயிடும்.” பிறகு கட்டளை ஒன்றைத் தட்டி, விழும் தறுவாயில் கருவி எழுதிவைத்த பதிவைத் திறந்து, கடைசி வரி வரை வாசிப்பீர்கள். வாங்கிவைத்த தே தாரிக் தேநீர் ஆறிப்போகும். விளக்கம் கேட்டால், “படி, தெரியும்” என்பீர்கள். சில நாள் அது எரிச்சலாகவும் இருந்தது.

சென்ற ஆண்டு புலாவ் செபாங் கிளையின் சுவிட்ச் இரண்டு நாள் விழுவதும் எழுவதுமாக இருந்தது. முதலில் விழுந்த நேரம் காலை ஏழு பத்து என்றது பதிவு. அன்று ஏழு மணிக்கு அதில் ஓர் அமைப்பை மாற்றியவர் தேவிஸ்ரீ. சேர்ந்து நான்கே மாதம், இன்னும் நிரந்தரமாகாதவர். அவரை வேலையிலிருந்து நிறுத்த மேலிடம் கடிதம் தயாரித்துவிட்டது. நாங்களும் நம்பினோம். அதை இன்று மறைக்க விரும்பவில்லை.

நாங்கள் பதிவில் கண்ட நேரத்தோடு நின்றுவிட்டோம். நீங்கள் இறுதிவரை வாசித்தீர்கள். கடைசி வரிகள் பழுதுக்குக் காரணமாகப் புதிதாக ஏற்றிய மென்பொருளைக் காட்டின. காலை ஏழு மணிக்கு அது ஏற்றப்படவே இல்லையே என்று, உடனே கருவியிடம், இப்போது மணி என்ன என்று கேட்டீர்கள். விடியற்காலை மூன்று என்றது. சுவர்க்கடிகாரத்தில் முற்பகல் பதினொன்று. மலேசிய நேரத்துக்கு மாற்றப்படாமல், அது எட்டு மணி நேரம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஆக, சுவிட்ச் விழுந்தது பிற்பகல் மூன்று பத்துக்கு. அன்று மூன்று மணிக்கு மென்பொருளை ஏற்றியவர் நீங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் அக்கருவியைப் பொருத்தி, நேரத்தைத் திருத்த மறந்தவரும் நீங்களே.

அது எங்களில் எவருக்கும் தெரியாது. நீங்களே பதிவை அச்செடுத்து, அடியில் பென்சிலால் எழுதினீர்கள்: “தேவிஸ்ரீ மீது தவறில்லை. இரண்டு தவறும் என்னுடையவை.” அவரிடம், “போய் வேலையப் பாரும்மா. இனிமே முதல்ல கடிகாரத்தப் பாரு” என்றீர்கள்.

தேவிஸ்ரீயின் கடிதம் கிழிக்கப்பட்டது. மாசற்ற உங்கள் பணியேட்டில் முதல் கண்டனக் கடிதம் சேர்ந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “சாப்பிடப் போவோமா?” என்றீர்கள்.

அருந்திறல் அண்ணலே! அன்புத் துணைவியார் ஜனகா அம்மையாருடன் நோயற்ற நெடுவாழ்வு வாழ்க! இனிக் காலையில் கடிகாரம் பாராமல் கண் விழியுங்கள்.

கருவி அறைச் சுவரில் நாங்கள் ஒட்டிவைத்த அந்த அச்சுத்தாளை, “வெக்கமா இருக்குலா, கழட்டுங்க” என்று போன வாரமும் சொன்னீர்கள். மன்னியுங்கள், ஐயா. இம்மடல் உங்கள் வீட்டுச் சுவருக்கு. அந்தத் தாள் எங்களுக்கு வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
வலையமைப்புப் பிரிவு ஊழியர்கள், மலாக்கா
வாசித்தளிப்பவர்: தேவிஸ்ரீ, நிரந்தரப் பணியாளர்