ரெனிஷுக்கு அவுட் கொடுத்தவன்

— வாசல்ல நின்னுக்கிட்டு மன்னிப்பு கேட்டா எப்படிலே? உள்ள வா. செருப்பு அங்கன கெடக்கட்டும்.

— இல்ல ஆன்ட்டி, இங்கனயே நிக்கேன். அம்மாதான் இந்த வாழச் சீப்பக் குடுத்து, கிருபாபாய் அக்கா கால்ல விழுந்தாவது மன்னிப்பு கேட்டுட்டு வான்னு அனுப்புனா.

— இசக்கித்தாய்க்கு என்னத்துக்கு இந்தப் பயம்? ஏரல் சந்தையில எப்பப் பாத்தாலும் சிரிச்சுப் பேசுத பொம்பள. உக்காரு லிங்கராசு. என்ன, கால நொண்டுத?

— ரெனிஷ் பேட்ட எறிஞ்சதுல பட்டுட்டு. அது ஒண்ணுமில்ல. நாந்தான் அவன் வாயில குத்தியிருக்கக் கூடாது.

— குத்தியிருக்கக் கூடாதுதான். என் பிள்ளைக்கு உதடு கிழிஞ்சு, கஞ்சி குடிச்சா எரியுதுங்கான். அது நாலு நாள்ல ஆறிரும். நேத்து சட்டையில ரத்தத்தோட வந்து நின்னான். என்னலேன்னு கேட்டேன். லிங்கராசு அவுட்டுன்னுட்டான், நான் போவல, சண்டைன்னான். நான் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டேன். சிரிப்பு வருது, அழுகையும் வருது.

— சிரிப்பா?

— பின்ன? ஏலே, அவனுக்கு எதுவும் மெதுவாத்தான் ஏறும், உனக்கே தெரியும். சின்னதுல தெருவுக்கு வெளையாடப் போனா, பயலுவ உப்புக்குச் சப்பாணின்னு சேத்துக்கிடுவானுவ. ஸ்டம்பு மூணும் பறந்தாலும் அவனுக்கு அவுட் கெடையாது. அடிச்ச ரன்னும் கணக்குல கெடையாது. பாவம்னு. இப்போ பிளஸ் ஒன் வந்தாச்சு, மீசை மொளச்சாச்சு, பள்ளிக்கூடத்துலயும் அதே கததான். யாரும் அவன ஏசுனது கெடையாது. வாடான்னு ஒரு சண்டைக்குக் கூப்பிட்டது கெடையாது.

— ஆன்ட்டி, அதத்தான் நான்...

— இரு, நான் பேசி முடிச்சிருதேன். அவன முத முதல்ல அவுட்டுன்னவன் நீதாம்ல. எல்லாரையும் போல அவனயும் பேட்டக் குடுத்துட்டுப் போன்னியே, அதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். சாயந்தர ஜெபத்துல உன் பேரச் சொல்லி ஜெபம் பண்ணேன். இவன் அப்பா ஹார்பர் டூட்டிக்குப் போயிட்டாவ, போன்ல சொன்னேன். அந்தப் பயலுக்கு வயிறு நெறைய புரோட்டா வாங்கிக் குடுன்னாவ.

— அய்யோ, அதெல்லாம் வேண்டாம் ஆன்ட்டி. எனக்கு என்னமோ போல இருக்கு.

— எச்எம் டீச்சர் காலையில போன் பண்ணுனாவ. உன்ன ஒரு வாரத்துக்கு வராதன்னுட்டாவளாமே.

— ஆமா ஆன்ட்டி.

— ரெனிஷ் இனிமே கிரவுண்டுக்கே போவக் கூடாதாம். பிடி பீரியட்ல லைப்ரரியில உக்காந்து படம் வரையணுமாம். அவன் பாதுகாப்புக்குத்தானாம். அதுதாம்ல எனக்குத் தாங்கல. அந்த ஒரு பீரியடுக்காகத்தான் அவன் காலையில எந்திரிக்கதே. நாளைக்கு நானே போயிச் சொல்லப்போறேன். சண்டை போட்டது ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனையக் குடுங்க, ஆனா ரெண்டு பேரையும் கிரவுண்டுல விடுங்கன்னு. நீயும் கூட வரணும். வருவியா?

— வாரேன். ஆனா டீச்சர்ட்ட போறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— அம்மா. பந்து தரையில பட்டுச்சு.

— ஏ ரெனிஷு, கதவுக்குப் பின்னால நின்னு என்ன செய்த? வெளிய வா, உன் கூட்டாளி வந்திருக்கான். நேத்துல இருந்து இதே பாட்டுதான் லிங்கராசு. நானும் சொல்லிப் பாத்துட்டேன், அவுட்டுன்னா அவுட்டுதான், பேட்டக் குடுத்துட்டு வந்திரணும்னு.

— தரையில பட்டுச்சு. அப்பறந்தான் அவன் புடிச்சான்.

— கேட்டியா? பிடிவாதத்துல அப்பனத் தூக்கிச் சாப்பிட்டிருவான்.

— அவன் சொல்லுதது நெசம் ஆன்ட்டி.

— எது?

— பந்து தரையில குத்தித்தான் என் கைக்கு வந்துச்சு. வேற யாரும் பாக்கல. அவன் மட்டுந்தான் பாத்தான். நான் கேட்சுன்னு கத்திட்டேன்.

— கள்ள அவுட்டாலே?

— ஆமா.

— அட பாவிப் பயலே. உனக்காக நான் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியிருக்கேன். அவன் அடிக்க ரன்னுதான் கணக்குலயே வராதே. உப்புக்கு நிக்கவன்கிட்ட போயா கள்ள ஆட்டம் ஆடுவ?

— எதிர் டீம்ல ஆடுத பெனிஸ்டன் நேத்து லீவு. அவனுவ கட்சியில ஆள் கொறஞ்சுட்டு. ரெனிஷ நெசமான ஆளாச் சேத்துக்கிடுதோம்னானுவ. சும்மாதான நிப்பான்னு நாங்களும் சரின்னுட்டோம். ஆனா ஆன்ட்டி, இத்தன வருசமா அவுட்டே குடுக்காம எல்லாரும் அவனுக்குப் பந்து போட்டுக்கிட்டே இருந்தோம்லா. எங்க எல்லாரையும் விட அவந்தான் கூட நேரம் பேட்டப் புடிச்சிருக்கான். நேத்து அடிச்சதெல்லாம் வேலிக்கு அங்கிட்டுப் போயி விழுது.

— யாரு, நம்ம ரெனிஷா?

— அவந்தான். இன்னும் ரெண்டு பால் நின்னிருந்தான்னா நாங்க தோத்திருப்போம் ஆன்ட்டி.