பொட்டலம் கட்டுபவர்

— இதென்ன பகல் கொள்ளையா இருக்கு! லெராய், நெசமாத்தான் கேக்குறேன். ஆன்லைன்ல வாங்கினா, பெட்டிக்குள்ள சாமானை வெச்சு மூடுறதுக்கும் டிப்பா?

— கேட்டா குடுத்துட்டுப் போவோம். பரவால்ல.

— பரவால்லையா? ஓட்டல்ல காபி ஊத்துறாளே, அவளுக்குக் குடு, வேணாங்கல. அவ நம்ம மூஞ்சியைப் பார்த்து ஒரு சிரிப்பாவது சிரிக்கிறா. இங்க யாரு சிரிச்சா? சாமானைத் தேடினது நானு. அட்ரஸ் அடிச்சது நானு. கார்டு நம்பரைக் கண்ணு வலிக்க அடிச்சதும் நானு. எனக்கு யாரு டிப் குடுக்கப் போறா, கேட்டியா?

— ராத்திரி சாப்பாட்டுக்கு அந்த ஹாட்டிஷ்ஷை நான் அடுப்புல சுட வெக்கிறேன்.

— ரெண்டு கண்ணுலயும் கட்டுப் போட்டுக்கிட்டா? வீட்டைக் கொளுத்தவா? பேசாம சாஞ்சு உக்காரு. கண் ஆபரேஷன் முடிஞ்சு வந்து ஒரு வாய் காபி முழுசா உள்ள போகல, அதுக்குள்ள பொம்மைக் காருக்கு சாமான் வாங்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிற.

— பொம்மை இல்ல, மார்லிஸ். ரேடியோ கார்.

— அதோட பேரை எனக்குச் சொல்லித் தர்றியா? எனக்கா?

— சரி, விடு. இருபத்தஞ்சு பர்சென்ட்டை அமுக்கு.

— இருபத்தஞ்சா! சர்ச்சுல காணிக்கைத் தட்டு வந்தா ஒத்தை டாலரை நாலா மடிச்சு, பார்க்கிறவனுக்கு அஞ்சு டாலர்னு தெரியற மாதிரி போடுற ஆளு நீ. கீழ இன்னொண்ணும் இருக்கு, 'டிப் வேண்டாம்'னு. சாம்பல் கலர்ல, எறும்பு சைஸ்ல. நல்ல கண்ணுக்கே தெரியாது. திருட்டுப் பசங்க. அதை அமுக்குறேன்.

— வேணாம்!

— ஏன் இப்படிக் கத்துற?

— இன்னிக்கு ஒரு நாள் நான் சொல்றதைக் கேளு. நாளைக்குக் குடுத்துப் பிரயோஜனமில்ல.

— ஏன், நாளைக்குக் கடையை இழுத்து மூடுறானா?

— இல்ல. விடு.

— விட மாட்டேன். நேத்து துணி துவைக்க பேஸ்மென்ட்டுக்குப் போனேன். பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாடி இதே கடைப் பெட்டிங்க. ரிசீவர், ஸ்பீடு கன்ட்ரோலர், இன்னும் என்னென்னவோ. ஒண்ணைக்கூட நீ பிரிக்கல, லெராய். ஒட்டின டேப் ஒட்டினபடி இருக்கு. யாருக்கு இதெல்லாம்?

— வெர்ன் பேரனுக்கு.

— உன் கூட்டாளி வெர்னோட பேரன் ரேடியோ காரை விட்டு எத்தனையோ நாளாச்சு. இப்போ அவன் பொண்ணுங்க பின்னாடி சுத்துறான். வெர்ன் பொண்டாட்டியே சொன்னா.

— அவளுக்கு வேற வேலை இல்ல.

— வெர்ன் பேரை எடுத்தாலே நீ புளுக ஆரம்பிச்சுடுவே. பிப்ரவரியில அவன்கூட ரெட் லேக் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனியே. ஐஸ்ல ஓட்டை போட்டு நாள்கணக்கா உக்காந்துட்டு, ஒரு பொடி மீன் இல்லாம திரும்பி வந்த ஆளு இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான். எனக்கு வெளிய தலை காட்ட முடியல.

— மீன் கடிக்கல.

— ரெண்டு பேருக்குமா கடிக்கல? சரி, தலையை அண்ணாந்து வை. மருந்து ஊத்துற நேரமாச்சு, கட்டைத் தூக்குறேன். அசையாதே. இன்னொரு சொட்டு. ஆச்சு.

— குளிரா இருக்கு.

— இருக்கும். லெராய், ஒண்ணு கேக்குறேன். காலைல அந்த நர்ஸ் கேட்டாளே, மருந்து ஊத்தவும் கார் ஓட்டவும் உதவிக்குப் பிள்ளைங்க இருக்காங்களான்னு.

— ம்.

— எங்களுக்குப் பிள்ளைங்க இல்லன்னு சொன்னேன்.

— கேட்டேன்.

— எப்பவும் நான் அப்படிச் சொன்னா நீ தொண்டையைக் கனைப்பே. யார் முன்னாடி சொன்னாலும் கனைப்பே. பாதிரியார் வீட்டு விருந்துல கூட கனைச்சே. எனக்கு அது முள்ளு குத்துற மாதிரி இருக்கும். இன்னிக்கு நீ கனைக்கல.

— மயக்க மருந்து குடுத்திருந்தாங்கல்ல.

— அப்படித்தான் நானும் நெனச்சேன். சரி, எங்க விட்டேன்? டிப்பு. அட, பேரு வேற போட்டிருக்கான். 'உங்கள் பொட்டலத்தை இன்று கட்டுபவர்'...

— அதெல்லாம் படிக்க வேணாம். பட்டனை அமுக்கு, போதும்.

— இரு. 'கட்டுபவர், ஆர். ஹால்வர்சன்.' நம்ம குடும்பப் பேரு.

— நம்ம பக்கத்துல கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு ஹால்வர்சன் மேலதான் விழும்.

— ஆர்-ல ஆரம்பிக்கிற ஹால்வர்சன். ரேடியோ கார் கடையில. என் பக்கம் திரும்பு.

— திரும்பினாலும் நீ எனக்குத் தெரியமாட்டே.

— எனக்கு உன் மூஞ்சி தெரியணும். ரஸ்ஸல் அங்கயா சேர்ந்தான்?

— அங்கதான் சேர்ந்தான். ஃபார்கோ கடையில. வெர்ன் ஏதோ வாங்கப் போனப்ப இந்தப் பேரைப் பார்த்துட்டு வந்து சொன்னான்.

— அதான் மாசா மாசம் பெட்டியா? என் சோத்தைத் தின்னுட்டு, என் கூரைக்குக் கீழ உக்காந்துக்கிட்டு, எனக்குத் தெரியாம அவனுக்கு டிப்பு! நான் எழுந்திரிக்கிறேன். நீயே தடவித் தடவிப் பண்ணிக்கோ.

— மார்லிஸ், உக்காரு.

— அன்னிக்கு அந்த ரேடியோ கார்ல ரிசீவரை மாட்டினது யாரு, லெராய்? சிக்னல் அறுந்தா வண்டி தானா நிக்கணும். அதுக்கு ஒரு பட்டனை முன்னாடியே அமுக்கி வெக்கணும், அவ்வளவுதான். நீதான் எனக்குச் சொன்னே, ஒரே ஒரு பட்டன்னு. அவன் அமுக்கல. சிக்னல் போச்சு, வண்டி மண்மேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் பறந்துச்சு. 'டேன், ஓடிப் போய் எடுத்துட்டு வாடா'ன்னு தம்பியை அனுப்பினது யாரு? பீட்கிழங்கு அறுவடை நேரம். லாரிமேல லாரி. அந்த டிரைவர் பாவம், அவன் என்ன பண்ணுவான்? டேனுக்குப் பதினோரு வயசு.

— ரஸ்ஸலுக்குப் பதினேழு.

— தெரியும்.

— அவனும் சின்னப் பையன்தான், மார்லிஸ்.

— தெரியுங்கிறேன்ல! நீ எனக்குக் கணக்குச் சொல்லித் தர வேணாம். எனக்குத் தெரியாதா? பதினாலு வருஷமா தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் படுக்குறேன், தெரிஞ்சுக்கிட்டுத்தான் எழுந்திரிக்கிறேன்.

— நான் அதுக்குச் சொல்லல.

— டேனைப் புதைச்சுட்டு வந்து இதே மேஜையிலதான். 'எனக்கு இருந்தது ஒரே புள்ளை, அதுவும் போயிடுச்சு'ன்னேன். அவன் மூஞ்சியைப் பார்த்தே சொன்னேன். அவன் என்ன பண்ணான், ஞாபகம் இருக்கா?

— தட்டைக் கழுவினான்.

— தட்டைக் கழுவித் துடைச்சு, அலமாரியில வெச்சுட்டு, பையை எடுத்துட்டுப் போனான். கோவத்துல அதைத் தூக்கி என் மேல எறிஞ்சிருந்தா நான் தேறியிருப்பேன். கழுவி வெச்சுட்டுப் போனான்.

— அழாதே.

— நான் அழல. நீ அவனைப் பார்த்தியா? நேர்ல?

— ஒரு தடவ.

— பார்த்துட்டு என்கிட்ட சொல்லவே இல்ல. எப்படி இருந்தான்?

— அமைதியா இருந்தான்.

— அவனா? ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டான் அவன். இளைச்சுட்டானா?

— கொஞ்சம்.

— முடியெல்லாம் கொட்டிடுச்சா, உங்கப்பாவுக்குக் கொட்டின மாதிரி?

— இல்ல. நல்லா சீவியிருந்துச்சு.

— சீவியிருந்துச்சா! அப்போ கல்யாணம் ஆயிருக்கும். அவனாச் சீவ மாட்டான்.

— ஆச்சு. மூணு வருஷம்.

— எனக்கு ஒரு மருமக இருக்கா. ஊருக்கே தெரிஞ்சிருக்கும், எனக்குத் தெரியாது. இரு, உனக்கென்ன கிறுக்கா? ஒரு செக் எழுதி நேரா அனுப்பறதை விட்டுட்டு, வேண்டாத சாமானை வாங்கிக் குவிச்சு, அதுல இருபத்தஞ்சு பர்சென்ட்னு...

— அனுப்பினேன். கிழிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க. டிப்பை அப்படித் திருப்ப முடியாது. அது வேலைக்குக் குடுக்குறது. வாங்கிக்கிறாங்க.

— 'அனுப்பிட்டாங்க', 'வாங்கிக்கிறாங்க'. பெத்த புள்ளைக்கு என்னய்யா இவ்வளவு மரியாதை? கவர்னரா அவன்?

— வாய் தவறி வந்துடுச்சு.

— அப்புறம், நாளைக்குப் பிரயோஜனமில்லன்னியே, அது என்ன?

— மொன்டானாவுக்குப் போறாங்கன்னு வெர்ன் சொன்னான். இன்னிக்குத்தான் கடைசி ஷிஃப்ட்.

— மொன்டானாவா? அங்க என்ன இருக்கு?

— மருமகளோட அம்மா வீடு.

— அப்போ குடும்பத்தோடயா? மாமியார் வீட்டுக்குப் போறான். இங்கேர்ந்து ஒரு மணி நேரத்துல ஒரு அம்மா இருக்கா, அவளை விட்டுட்டு. லெராய், அவன் வந்து வாசல்ல நின்னா நான் கதவைத் திறக்க மாட்டேன்னா சொன்னேன்?

— சொன்னே.

— சொன்னேன். ஆமா, சொன்னேன். நான் சொன்னா என்ன? வந்து நிக்க வேண்டியதுதானே? நாலு உதை உதைச்சா இந்தக் கதவு திறக்காதா? தாழ்ப்பாள் லட்சணம் அவனுக்குத் தெரியாதா?

— அவன் அப்படிப்பட்டவன் இல்ல.

— நானும் அப்படித்தான். வீம்பு என்கிட்டேர்ந்துதான் அவனுக்கு வந்திருக்கு. நகரு. அந்தக் காபிக் கப்பை எடு, விரல்ல தட்டப் போகுது. இங்க ஒரு கட்டம் இருக்கு. 'பொட்டலம் கட்டுபவருக்கு ஒரு வரி எழுதலாம்'னு போட்டிருக்கு.

— அதுல நான் எப்பவும் எதுவும் எழுதுறதில்ல. டிப் மட்டும் போதும்.

— உனக்குப் போதும். நீ இப்படியே ஒளிஞ்சு ஒளிஞ்சு அப்பனா இருந்துக்கோ. எனக்குப் போதாது.

— மார்லிஸ், எழுதாதே. நான் ஒண்ணு சொல்லணும்.

— எழுதிட்டுக் கேக்குறேன். 'ரஸ்ஸல், அம்மா எழுதறேன்.' இல்ல, அதிகாரமா இருக்கு. இருக்கட்டும், அவனுக்கு என் குரல் தெரியும். 'போறதுக்கு முன்னாடி ஒரு வேளை வீட்டுக்கு வந்து சாப்பிடு. அன்னிக்கு நான் சொன்னது தப்பு.' எழுத்து சின்னதா இருக்கே, எங்க இருக்கேன்? ஆங். 'உன் தட்டு இங்கதான் இருக்கு. உன் பொண்டாட்டிக்கும் ஒண்ணு எடுத்து வெக்கிறேன்.' எப்படி?

— அழிச்சுடு.

— ஏன்? தப்புன்னு நானே ஒத்துக்கிட்டேனே, அதுக்கு மேல என்ன எழுதணும்? கால்ல விழணுமா? விழுறேன்.

— மார்லிஸ், அமுக்காதே. கையை எடு. முதல்ல நான் சொல்றதைக் கேளு.

— குறுக்க வராதே. இப்போ அமுக்கலேன்னா எனக்கு இந்த ஜென்மத்துல தைரியம் வராது.

— மார்லிஸ்!

— போயிடுச்சு. உன் இருபத்தஞ்சும் போயிடுச்சு. 'நன்றி'ன்னு வருது. ஏய், என்ன பண்ற? கட்டைத் தொடாதே. அழக்கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. சந்தோஷத்துல கூட அழக்கூடாது.

— அதை இப்போ ரெபெக்கா படிச்சுட்டு நிப்பா.

— யாரு ரெபெக்கா?

— ரஸ்ஸல் பொண்டாட்டி. ஆர். ஹால்வர்சன் அவதான். அவன் பார்த்த வேலையை அவளுக்குக் குடுத்தாங்க.

— அவளுக்கு ஏன் குடுத்தாங்க? அப்போ அவன் என்ன பண்றான்?

— இப்படி வந்து என் பக்கத்துல உக்காரு.

— உக்கார மாட்டேன். லெராய், பரவால்லன்னு சொல்லு. எப்பவும் எதுக்கெடுத்தாலும் சொல்லுவியே. சொல்லேன்.

— பிப்ரவரியில நான் ரெட் லேக்குக்குப் போகல. வெர்ன் என்னை ஃபார்கோவுக்குத்தான் கூட்டிட்டுப் போனான்.

— சாவுக்குப் போடுற அந்தக் கறுப்புக் கோட்டு. நீ திரும்பி வந்ததும் உன் பையிலேர்ந்து ஈரமா எடுத்தேன். மீன் பிடிக்க எதுக்குய்யா கறுப்புக் கோட்டுன்னு திட்டினேன்.

— நிமோனியா. இன்ஷூரன்ஸ் இல்லன்னு ஆஸ்பத்திரிக்குப் போகாம தள்ளிப் போட்டிருக்கான். கடைசியாத் தூக்கிட்டுப் போனப்ப நேரம் தாண்டிடுச்சு. உன்கிட்ட சொல்லணும்னு தினமும் காலைல எழுந்திரிப்பேன். நீ அடுப்புகிட்ட நிப்பே. வாய் வராது.

— இல்ல. நீ புளுகுற. நீ புளுகன். காலைலதானே அந்த நர்ஸ்கிட்ட எங்களுக்குப் பிள்ளைங்க இல்லன்னேன்? அப்படி ஒண்ணு நடந்திருந்தா உன்னால அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? எப்பவும் கனைக்கிற ஆளு, இன்னிக்கு ஏன் நீ கனைக்கல? பதில் சொல்லு. ஏன் கனைக்கல?

— நீ பொய் சொன்னாத்தானே நான் கனைப்பேன், மார்லிஸ்.